மெய்யழகனில் அரவிந்த்சாமி சும்மா இருந்தாரா?

ஆகஸ்ட் 30, வந்த கேள்வி

“மெய்யழகனை இப்போதுதான் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். கார்த்தி பின்னிவிட்டார். ஆனால் அரவிந்த்சாமி என்ன செய்தார் என்று எனக்குப் புரியவில்லை. படம் முழுக்கக் கூடவே நடக்கிறார், உட்காருகிறார், பார்க்கிறார், அவ்வளவுதான். இதற்கு யாரை வேண்டுமானாலும் போட்டிருக்கலாமே? நீங்கள் எல்லாம் சமீபத்தில் என்ன பார்த்தீர்கள்? பிடித்த நடிகர் யார், ஏன்? சின்ன வயதிலிருந்தே பிடிக்கும் என்பதெல்லாம் காரணம் ஆகாது.”

ஆகஸ்ட் 30, இரவு

சும்மா இருக்கவில்லை. அந்தப் படத்தில் பாதிக்கு மேல் சுமந்தது அவர்தான். கார்த்தி பேசுகிறார், நன்றாகவே பேசுகிறார், அத்தான் அத்தான் என்று சுற்றிச் சுற்றி வருகிற அந்த உற்சாகம் வேறு யாருக்கும் அவ்வளவு இயல்பாக வந்திருக்காது. ஆனால் எதிரில் இருப்பவர் கேட்கிற விதத்தை வைத்துத்தான் அந்தப் பேச்சை நாம் நம்புகிறோம். அரவிந்த்சாமி ஏற்றிருக்கும் அருள்மொழிக்கு இவன் யார் என்றே தெரியாது. பெயர் நினைவில் இல்லை. தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். இத்தனையும் உள்ளே ஓட, மேலே ஒரு மரியாதைச் சிரிப்பையும் வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க ஒருவனைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் சைக்கிள் விஷயத்தைக் கார்த்தி சொல்லும் இடத்தை மட்டும் திரும்பப் பாருங்கள். தான் விட்டுவிட்டுப் போன ஒரு பழைய சைக்கிள் இன்னொரு குடும்பத்துக்கு என்னவாக இருந்தது என்பதை அவர் முதல்முறையாகக் கேட்கிறார். கார்த்தியின் வரிகளை மட்டும் தாளில் எழுதிப் படித்தால் அது ஒரு நல்ல சம்பவம், அவ்வளவே. எனக்குத் தொண்டை அடைத்தது அரவிந்த்சாமியின் முகத்தைப் பார்த்துத்தான்.

பிடித்த நடிகர் டி.எஸ். பாலையா. காரணமும் இதுவேதான், நாளை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 31

பாலையா.

1964-இல் வந்த காதலிக்க நேரமில்லை. நாகேஷ் தன் அப்பாவாக வரும் பாலையாவிடம் பேய்க்கதை சொல்லும் காட்சி. அதைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் நாகேஷின் குரல், கை, சத்தங்கள் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நியாயம்தான், அந்த வேகத்துக்கு இன்னும் ஈடு இல்லை. ஆனால் அந்தக் காட்சியில் பயப்படுவது யார்? நாகேஷ் பயப்படவில்லை, பயமுறுத்துகிறார். பயம் முழுவதும் பாலையாவின் கண்ணிலும் தாடையிலும் நாற்காலியை விட்டு நகராத அந்த உடம்பிலும் இருக்கிறது. கதை சூடுபிடிக்க அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறார். எஸ்டேட் முதலாளி, பெரிய மனுஷன், இரண்டு பெண்களையும் பிள்ளையையும் அதட்டியே வளர்த்தவர், கடைசியில் பிள்ளை சொல்கிற கதைக்கு நடுங்கும் குழந்தை மாதிரி ஆகிவிடுகிறார். அவர் ஒரு நொடி ‘நானும் வேடிக்கை பண்ணுகிறேன்’ என்று காட்டியிருந்தாலும் காட்சி விழுந்திருக்கும். கடைசி வரை அந்தக் கதையை அவர் நம்புகிறார்.

இந்தக் காட்சியை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் நாகேஷைக் காதால் கேட்டுக்கொண்டு கண்ணைப் பாலையா மேலேயே வைத்துக்கொள்வேன். முயன்று பாருங்கள், வேறு காட்சி மாதிரி இருக்கும்.

அவர் சினிமாவுக்கு வந்தது 1936-இல், சதிலீலாவதியில். எம்.ஜி.ஆருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் அதே படம்தான் ஆரம்பம், எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கியது. அதற்கு முன்னால் நாடகக் கம்பெனி. மேடையில் ஒருவர் வசனம் பேசும்போது மற்றவர் நிற்கிற நிற்பையும் முன்வரிசை பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தப் பயிற்சி கேமரா முன்னாலும் அவரை விடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

செப்டம்பர் 1

பாலையா நகைச்சுவைக்கு மட்டும்தானே என்று கேட்டவருக்கு: திருவிளையாடல், ஹேமநாத பாகவதர். ஒரு நாள் போதுமா பாடுகிற கர்வத்தை எல்லாரும் சொல்வார்கள் (குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது). எனக்கு அதற்கு அப்புறம் வருவதுதான் முக்கியம். ராத்திரி வெளியே ஒரு விறகு விற்கிறவன் பாட்டும் நானே பாவமும் நானே என்று பாடுவதைக் கேட்கிறார். அந்தப் பாட்டில் சிவாஜி பல வாத்தியம் வாசித்துப் பாடி எல்லாம் செய்கிறார், பாலையாவுக்குக் கேட்பது ஒன்றுதான் வேலை. ஆனால் ஊரை விட்டு ஓடப் போகிற மனிதர் அவர். ஒரு வித்வான் இன்னொருவனின் வித்தையைக் கேட்டதும் முதலில் வருவது ரசனை, அப்புறம்தான் பயம். அந்த வரிசையை அவர் மாற்றவில்லை. பாட்டை ரசிக்கத் தெரிந்தவன் என்பதால்தான் பாகவதர் தோற்கிறார்.

தில்லானா மோகனாம்பாளில் தவில்காரராகவும் இதையேதான் செய்கிறார், அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்று தூங்க முடியாது.

செப்டம்பர் 3

பேசாதவரைப் பார்க்கும் இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். சில காலம் சப்டைட்டில் எழுதும் வேலை பார்த்தேன். ஒரு வசனம் எந்த நொடியில் ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று குறித்துக்கொண்டு அந்த நேரத்துக்குள் ஆங்கில வரியை அடக்க வேண்டும். இரண்டு வரிக்கு மேல் கூடாது, ஒரு வரிக்கு 42 எழுத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்பது பல இடங்களில் உள்ள கணக்கு. இதைச் செய்ய ஒரே துண்டை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருப்போம். வசனம் தேய்ந்து தேய்ந்து வெறும் சத்தமாகிவிடும். அப்போது கண் தானாகப் பேசாதவர் பக்கம் போகும்.

அங்கேதான் அதிர்ச்சி. பெரிய பெரிய நடிகர்கள் பலர், எதிரில் இருப்பவர் பேசும்போது தங்கள் முறை வரக் காத்திருக்கிறார்கள். உதடு லேசாக அசையும், அடுத்த வசனம் உள்ளே தயாராகிறது. எதிராளி ‘அம்மா செத்துட்டாங்க’ என்று சொன்னாலும் ‘காபி ஆறிடுச்சு’ என்று சொன்னாலும் அந்த முகம் ஒன்றுதான். பெயர் சொல்ல விருப்பமில்லை, நான் வேலை பார்த்த படங்கள் அவை.

அதே மேஜையில் வைத்துத்தான் சிலரை வேறு மாதிரி கண்டுபிடித்தேன். பேச்சுக்கே பெயர் போன சிவாஜி, தேவர் மகனில் ஊரை விட்டுப் போய்த் தொழில் தொடங்குகிறேன் என்று மகன் சொல்வதை எப்படிக் கேட்டுக்கொள்கிறார்! முதல்வனில் அந்தப் பேட்டி. கேள்வி கேட்பது அர்ஜுன், ஆனால் கேள்வி ஒவ்வொன்றும் எங்கே போய்த் தைக்கிறது என்று ரகுவரனைப் பார்த்தால்தான் தெரியும். எளிதாகச் சமாளித்துவிடலாம் என்ற தளர்வோடு உட்கார்ந்திருக்கும் முதலமைச்சர், ஆதாரம் ஒவ்வொன்றாக வர வர, கோபத்தை மரியாதைக்குள் அடக்கப் படும் பாடு. ஒரு நாள் நீ முதல்வராக இருந்து பார் என்று அவர் சொல்லும்போது அது கதாசிரியர் வைத்த திருப்பமாகத் தெரியவில்லை. அந்த மனிதருக்கு அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால் வந்த வார்த்தையாகத்தான் தெரிகிறது.

சப்டைட்டில் படித்துப் படம் பார்க்கிறவர்களுக்கு இது பெரிய நஷ்டம் என்பதையும் சொல்ல வேண்டும். கண் கீழே வரியில் இருக்கும் அந்த இரண்டு நொடியில்தான் கேட்பவரின் முகம் மாறும். பிறமொழிப் படம் நல்லதாகத் தெரிந்தால் நான் இரண்டாவது முறை வரியை மறைத்துவிட்டுப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 4

“முகத்தை எப்போது காட்ட வேண்டும் என்று முடிவு செய்வது எடிட்டர். நீங்கள் எடிட்டரைப் பாராட்டிக்கொண்டு நடிகர் பெயரைச் சொல்கிறீர்கள்” என்கிறார் ஒருவர். கூலஷோவ் சோதனையையும் சொல்லியிருக்கிறார். தெரியாதவர்களுக்கு: சுமார் நூறு வருடத்துக்கு முன் ரஷ்யாவில் லெவ் கூலஷோவ் ஒரு நடிகரின் ஒரே முகத் துண்டை எடுத்து, ஒரு தட்டு சூப், ஒரு சவப்பெட்டி என்று வேறு வேறு காட்சிகளோடு ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்களுக்கு அதே முகத்தில் ஒரு முறை பசியும் ஒரு முறை துக்கமும் தெரிந்ததாம்.

கனமான வாதம், ஒரு நாள் முழுக்க இதையே யோசித்தேன். துண்டு துண்டாக வெட்டிய காட்சிகளுக்கு இது பெருமளவு பொருந்தும். இன்றைய படங்களில் ஒரு ரியாக்ஷன் இரண்டு நொடி நின்றாலே பெரிய விஷயம், அந்த இரண்டு நொடியை எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்து ஒட்டிவிடலாம். அதனால்தான் இருவரும் ஒரே சட்டகத்தில் நெடுநேரம் இருக்கும் காட்சிகளைத் தேடிப் பார்க்கச் சொல்கிறேன். அங்கே எடிட்டர் கொடுக்க எதுவும் இல்லை. பாலையா மாறுவது நம் கண்ணெதிரில், நாகேஷின் சொல்லுக்குச் சொல் நடக்கிறது. கூலஷோவின் சூப்பையும் சவப்பெட்டியையும் பார்த்த முகம் மாறவே இல்லை, மாற்றியது பார்வையாளன். இந்த முகம் மாறுகிறது.

மெய்யழகனுக்கும் இதைச் சொல்லலாம். வெளியான சில நாட்களில் படத்தில் சுமார் 18 நிமிடத்தைக் குறைத்தார்கள். நீளம் என்று புகார் வந்தது, தியேட்டர் நிலவரம், காரணம் புரிகிறது. ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேட்பதுதான் மொத்தப் படமும் என்றிருக்கும்போது நீளமும் அந்தப் படத்தின் ஒரு பகுதி. எனக்கு முழுதாகத்தான் பிடித்திருந்தது.

செப்டம்பர் 4, இரவு

ஆமாம், மெய்யழகனை இயக்கிய பிரேம்குமாரின் 96-ம் அப்படித்தான். ஒரே ராத்திரி, இரண்டு பேர். அங்கே கேட்பவர் விஜய் சேதுபதி.

செப்டம்பர் 7

சமீபத்தில் பார்த்ததைச் சொல்லச் சொன்னார்கள், நான் பழைய படத்திலேயே நின்றுவிட்டேன். கொட்டுக்காளி பார்த்தேன். 2024 ஆகஸ்டில் வாழை வந்த அதே நாளில் வந்தது, அப்போது தவறவிட்டது.

படத்தில் பின்னணி இசை கிடையாது. இவ்வளவு நேரம் நான் எழுதியதற்கெல்லாம் பரீட்சை வைத்த மாதிரி இருந்தது, ஏனென்றால் அன்னா பென் ஏற்றிருக்கும் மீனா கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை. ஒரு ஆட்டோவில் அவளை உட்கார வைத்து, பேய் பிடித்திருக்கிறது என்று சாமியாரிடம் கொண்டுபோகிறார்கள். சுற்றி எல்லாரும் அவளைப் பற்றித்தான் பேசுகிறார்கள், அவளிடம் யாரும் பேசுவதில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கேட்பது பாலையா, அரவிந்த்சாமி கேட்பதிலிருந்து முற்றிலும் வேறு. அவர்கள் கேட்டு உள்ளே வாங்குகிறார்கள். இவள் கேட்டு வாங்க மறுக்கிறாள். வாசலை மூடிவிட்ட வீடு மாதிரி ஒரு முகம், ஆனால் உள்ளே ஆள் இருக்கிறது என்பது தெரிகிறது. காலைக் கட்டிய அந்தச் சேவலை அவள் பார்க்கும் போதும், எங்கிருந்தோ வரும் பாட்டுக்கு உதடு லேசாக அசையும் போதும் மட்டும் ஒரு ஜன்னல் திறக்கிறது. அந்த அசைவு ஒன்றுக்குத்தான் சூரி வெறிபிடித்தவன் மாதிரி எல்லாரையும் அடிக்கிறார். வன்முறையை இவ்வளவு சின்னக் காரணத்திலிருந்து இவ்வளவு நம்பும்படி எழுப்பிய காட்சியைச் சமீபத்தில் பார்க்கவில்லை.

சூரியைப் பற்றி ஒரு வார்த்தை. தொண்டை கட்டி, சுண்ணாம்பு தடவிய கழுத்தோடு படம் முழுக்க ஒடிந்த குரலில் பேசுகிறார். வசனத்தாலும் குரலாலும் பெயர் வாங்கிய நடிகர் அந்தக் குரலையே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறார். விடுதலையில் தெரிந்தது இதில் உறுதியாகிவிட்டது.

முடிவு பிடிக்கவில்லை என்பவர்களோடு சண்டையில்லை. எனக்கும் முதலில் ஏதோ பறித்த மாதிரி இருந்தது. அடுத்த நாள் காலையிலும் அந்த முடிவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 9

“உங்கள் அளவுகோலில் நாகேஷ் ஃபெயில் ஆகிவிடுவார். அவர் யார் பேசினாலும் சும்மா நிற்க மாட்டார்.”

நல்ல கேள்வி. வீட்டில் அம்மாவும் இதையேதான் கேட்டார், அவருக்கு நாகேஷ் என்றால் உயிர்.

நாகேஷ் சும்மா நிற்க மாட்டார் என்பது உண்மை. ஆனால் அசைவதும் கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. தருமியைப் பாருங்கள். கோயிலில் தனியாகப் புலம்பும்போது கேட்க ஆள் இல்லை, தானே பேசித் தானே கேட்டுக்கொள்கிறார், ஒவ்வொரு புலம்பலும் அதற்கு முன் வந்த புலம்பலுக்குப் பதில். அப்புறம் சிவபெருமான் எதிரில் வந்ததும் அந்த ஆட்டம் எப்படி மாறுகிறது! இந்த ஆளை நம்பலாமா வேண்டாமா என்று எடை போட்டுக்கொண்டே உடம்பு ஆடுகிறது. அவர் உடம்பாலேயே கேட்கிறார்.

சும்மா இருக்கத் தெரியுமா என்றால், 1994-இல் வந்த மகளிர் மட்டும். பிணமாக வருகிறார். ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூன்று பேரும் இழுத்த இழுப்புக்கு வரும் வெறும் உடம்பு. தமிழில் மிக வேகமான உடம்பு வைத்திருந்த நடிகர் துளி அசைவில்லாமல் சிரிக்க வைக்கிறார். அந்தத் தலை சாய்கிற விதத்தில்கூட ஒரு காலப்பிரமாணம் இருக்கிறது. அம்மாவுக்கு இதைப் போட்டுக் காட்டினேன், சமாதானம் ஆகிவிட்டார். கையோடு மனோரமா பற்றி ஏன் எதுவும் எழுதவில்லை என்று அடுத்ததை ஆரம்பித்தார். தில்லானா மோகனாம்பாளில் அவரது ஜில் ஜில் ரமாமணி சிவாஜி எதிரில் பேசும் காட்சியை நானும் அவரும் உட்கார்ந்து பார்த்தோம். நாதஸ்வரத்தை நேரில் கேட்க வேண்டும் என்ற அந்த ஆசையைச் சொல்லும்போது குரலில் இருக்கும் பவ்யம், கேட்டு முடித்த பிறகு முகத்தில் வரும் நெகிழ்ச்சி. அம்மா சொன்னது சரி, பாலையாவுக்கு அடுத்து அவரைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

செப்டம்பர் 10

இது வேறு விஷயம், ஆனால் ஒட்டியதுதான். நாம் தினமும் அனுப்பிக்கொள்ளும் மீம்களில் பாதிக்கு மேல் வடிவேலு என்று எல்லாருக்கும் தெரியும். அவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அவர் பேசாத நொடிகள். யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள், அது உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது, வாய் இன்னும் திறக்கவில்லை. அந்த அரை நொடியை நிறுத்தி வைத்துத்தான் ஒரு தலைமுறையே தன் உணர்ச்சியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நேசமணி, கைப்புள்ள எல்லாமே அடி வாங்குகிறவர்கள், அதட்டலைக் கேட்கிறவர்கள்.

அதனால் மாமன்னனில் அவர் அமைதியாக வந்தபோது பலர் ஆச்சரியப்பட்டது எனக்குத்தான் ஆச்சரியமாக இருந்தது. அந்த நடிப்பு எப்போதும் அவரிடம் இருந்தது. முன்பு அதன் மேல் சத்தம் இருந்தது, மாரி செல்வராஜ் சத்தத்தை எடுத்துவிட்டார். சட்டமன்ற உறுப்பினராக இருந்தும் நாற்காலியில் உட்கார விடப்படாத மனிதர் நிற்கிற நிற்பு, அதில் வசனம் எங்கே இருக்கிறது?

செந்திலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கரகாட்டக்காரன் வாழைப்பழக் காட்சியில் கவுண்டமணி கொதிக்கக் கொதிக்க அவர் முகம் தெளிவாகிக்கொண்டே போகிறது. தான் சொல்வதில் என்ன தப்பு என்று அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

செப்டம்பர் 14

டப்பிங் பற்றி ஒருவர் கேட்டது சிக்கலானது, ஒதுக்கி வைத்திருந்தேன். நம் படங்களில் பெரும்பாலும் குரல் பிறகு சேர்க்கப்படுகிறது, சில சமயம் வேறொருவருடைய குரல். 96-இல் த்ரிஷாவுக்குக் குரல் கொடுத்தது சின்மயி. அப்படியானால் ஜானுவை நடித்தது யார்?

இருவரும் என்பதுதான் நியாயமான பதில். சின்மயி இல்லாமல் அந்த ஜானு இல்லை, அதைத் தயங்காமல் சொல்ல வேண்டும், குரல் கொடுப்பவர்களுக்கு நாம் கொடுக்கும் மரியாதை மிகக் குறைவு. ஆனால் ராம் பேசும்போது ஜானு கேட்கிறாள் அல்லவா, அந்த நிமிடங்கள் முழுக்க முழுக்க த்ரிஷாவுடையவை. அங்கே யாரும் வந்து எதையும் சேர்க்க முடியாது. பேசாத நேரத்தை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டிருப்பதற்கு இது ஒரு நடைமுறைக் காரணமும்கூட. நம் சினிமாவில் ஒரு நடிகரைச் சுத்தமாக, கலப்பில்லாமல் பார்க்கக் கிடைக்கும் இடம் அதுதான்.

படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்த படங்கள் உண்டு. 2004-இல் வந்த விருமாண்டி அப்படிச் செய்தது. அதில் பேச்சின் நடுவே வரும் மூச்சு, இருவர் ஒரே நேரத்தில் பேசி மோதும் இடம் எல்லாம் அப்படியே இருக்கும். டப்பிங்கில் ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் என்று ஒழுங்காக வரிசையில் வந்துவிடும். நிஜத்தில் யாரும் அப்படிச் சண்டை போடுவதில்லை.

செப்டம்பர் 15

தேசிய விருது பற்றிப் பேச்சு வந்தது. எம்.எஸ். பாஸ்கருக்குப் பார்க்கிங் படத்துக்காகத் துணை நடிகர் விருது கிடைத்ததில் எனக்கு உள்ளார்ந்த சந்தோஷம். படத்துக்கும் சிறந்த தமிழ்ப்படம், திரைக்கதை என்று வந்தது. விருது அறிவித்த வாரத்தில் மறுபடி பார்த்தேன்.

இளம்பரிதி ஒரு அரசு அதிகாரி, நேர்மையானவர், கஞ்சம், வாடகை வீட்டில் பல வருடமாக ராஜா மாதிரி இருந்தவர். மாடிக்கு ஒரு இளைஞன் குடிவந்து கார் நிறுத்துகிறான். அதற்கு மேல் கதை சொல்லத் தேவையில்லை. பாஸ்கர் கத்தும் காட்சிகளைத்தான் எல்லாரும் எடுத்துப் போடுகிறார்கள். எனக்குப் பிடித்தது மனைவியும் மகளும் ஏதாவது சொல்லும்போது அவர் கேட்டும் கேட்காத மாதிரி இருப்பது. கேட்டுவிட்டது, சரி என்றும் தெரிகிறது, ஆனால் ஏற்றுக்கொண்டால் தோற்றதாகிவிடும். அப்படிப்பட்ட அப்பாக்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

‘மொழி’ படத்தில் இவர்தான் அந்தப் பேராசிரியர், மகன் இறந்த 1984-லேயே நின்றுவிட்டவர். காலம் நகர்ந்துவிட்டது என்பதை ஒருவர் எதிரில் நின்று சொல்ல, அது காதில் விழுந்து, புத்திக்கு எட்டி, நெஞ்சில் இறங்கி அழுகையாக வெளியே வர ஆகிற நேரம். அவர் அந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறார். சின்னத்திரையிலும் டப்பிங்கிலும் பல காலம் வேலை பார்த்தவர். பிறர் உதட்டசைவைக் கூர்ந்து பார்த்து அதற்குக் குரல் கொடுத்தவருக்கு எதிராளியைக் கவனிப்பது எப்படி வராமல் போகும்? இது என் ஊகம். ஆனால் பாலையாவுக்கு இன்று ஒரு வாரிசைக் காட்டச் சொன்னால் இவரைத்தான் காட்டுவேன்.

பார்க்கிங்கில் எனக்கு உறுத்தியதும் உண்டு. பிற்பகுதியில் இருவரும் மாற்றி மாற்றிச் செய்துகொள்ளும் கொடுமைகள் ஒரு கட்டத்துக்கு மேல் திரைக்கதையின் தேவைக்காக ஏறுகின்றன, அந்த மனிதர்களிலிருந்து வரவில்லை. பாஸ்கர் அதையும் நம்ப வைக்கப் பார்க்கிறார், முக்கால்வாசி நம்பவும் வைத்துவிடுகிறார்.

செப்டம்பர் 20

“பயிற்சி, மேடை என்கிறீர்களே, கேமராவையே பார்க்காதவர்கள் பிரமாதமாக நடிக்கவில்லையா?”

நடித்திருக்கிறார்கள். கடைசி விவசாயியில் நல்லாண்டி. உண்மையிலேயே விவசாயி, படம் வெளிவரும் முன்பே இறந்துவிட்டார், தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு பிறகுதான் வந்தது. அவர் ஏற்றிருக்கும் மாயாண்டிக்குக் காது மந்தம். மயில்களைக் கொன்றதாகப் பொய் வழக்குப் போட்டு நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். அவருக்கு வழக்கு முக்கியமில்லை, தண்ணீர் பாய்ச்சாமல் பயிர் என்ன ஆகும் என்பதுதான் முக்கியம். சுற்றிச் சட்டம் பேசும்போது அந்த முகத்தில் வயல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைப் பயிற்சியால் கொண்டுவர முடியுமா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அதனால் ஆகஸ்ட் 31-இல் மேடைப் பயிற்சி பற்றி எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்கிறேன். மேடை கற்றுத் தருகிறது, ஆனால் மேடையில் ஏறாமலேயே சிலர் அதைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். பரியேறும் பெருமாளில் அப்பாவாக வந்த தங்கராஜ் நாட்டுப்புறக் கலைஞர், சினிமாக்காரர் இல்லை. மகனின் கல்லூரியில் அவரை அவமானப்படுத்தும் இடத்தில் அவர் ஓடும் ஓட்டத்தை என்னால் இரண்டாவது முறை பார்க்க முடியவில்லை. அதே படத்தில் கல்லூரி முதல்வர் அறையில் பூ ராமு பேசும்போது கதிர் நிற்கிறார். பூ ராமுவின் பேச்சு எல்லாருக்கும் நினைவிருக்கும், இருக்க வேண்டும், என்ன ஒரு கலைஞர். நான் கதிரின் நிற்பையும் பார்க்கச் சொல்கிறேன். இன்னொரு இடத்தில் மாரிமுத்து அழுதுகொண்டே அவரிடம் மன்றாடும்போதும், அடிபட்ட உடம்போடு கேட்டுக்கொண்டிருப்பது கதிர்தான்.

தங்கராஜும் பூ ராமுவும் மாரிமுத்துவும் இன்று இல்லை.

செப்டம்பர் 22

ஊர்வசி பற்றிக் கேட்டவருக்கு. அவர் என் வாதத்துக்குப் பெரிய சவால், ஏனென்றால் பேசிக்கொண்டே கேட்பார். ஜே.பேபியில் மூச்சுவிடாமல் பேசும் ஒரு தாய். பிள்ளைகள் குறுக்கே ஒரு வார்த்தை சொன்னால் பேச்சு நிற்காது, ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் இரண்டு வாக்கியம் கழித்து வேறு உருவத்தில் வெளியே வரும். இதைச் செய்யத் தெரிந்தவர் வேறு யாராவது இருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்தேன், எனக்கு ஒரு பெயரும் வரவில்லை. மைக்கேல் மதன காமராஜனில் திரிபுரசுந்தரியாக அந்த வேகத்தில் கலக்கியபோதே இது இருந்திருக்கிறது.

அடுத்து குடும்பஸ்தனைப் பார்க்கப் போகிறேன், முக்கியமாக குரு சோமசுந்தரத்துக்காக. ஜோக்கர், மின்னல் முரளி இரண்டையும் பார்த்த பிறகு அவர் இருக்கிற எதையும் விடுவதில்லை. பார்த்தவர்கள் கதையைச் சொல்லாமல், அவரும் மணிகண்டனும் சேர்ந்து வரும் காட்சிகள் எப்படி என்று மட்டும் எழுதுங்கள்.